பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பல பெரிய டாக்டர்கள் நினைத்திருப்பார்கள். ஆபரேஷன் நடுவில் ரத்தம் பீறிடும். ஆள் மேல் ஆள் அனுப்பி அவரைக் கூட்டி வருவோம். அவர் வந்து, கை கழுவி, கவுன் மாட்டிக்கொண்டு, கிழிந்த ரத்தக்குழாயைத் தைத்து முடிப்பார். கையுறையைக் கழற்றும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்.

"ஸ்வல்ப முன்னாடியே சொல்லியிருக்கலாமே, சார்."

அவ்வளவுதான். அவர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். 'கொஞ்சம்' என்ற சொல் மட்டும் அவர் வாயில் கடைசிவரை 'ஸ்வல்ப'வாகவே இருந்தது.

தொண்ணூற்றொன்றில் நான் அந்த ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்ஸாகச் சேர்ந்தேன். பெங்களூரில் அப்போது ரத்தக்குழாய் சர்ஜன் என்று தனியாக ஒருவர் இருக்கிறார் என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. இதயத்துக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர். நடுவில் ஓடுகிற குழாய்க்கு எதற்கு ஒருத்தர் என்று எங்கள் ஆயாவே கேட்டாள். அதற்கான பதிலை நான் தியேட்டரில் நின்று தெரிந்துகொண்டேன். வயிற்றுக்குப் பின்பக்கம், முதுகெலும்பை ஒட்டி, கட்டை விரல் தடிமனில் இரண்டு பெரிய குழாய்கள் ஓடுகின்றன. சில கட்டிகள் அங்கேயே முளைத்து, அந்தக் குழாய்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வளரும். கட்டியை எடுக்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு நூல் தவறினால் குழாய் கிழியும். கிழிந்தால் நிமிஷக் கணக்குதான்.

அவர் இதை என்னிடம் வேறு மாதிரி சொன்னார். கேன்டீனில் பை-டூ காபி சொல்லிவிட்டு, ஒரு பாதியை என் பக்கம் தள்ளி வைத்தார். முழு காபி அவர் குடித்து நான் பார்த்ததில்லை. குடித்து முடிப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயம்.

"நான் ப்ளம்பரம்மா. சமையல்காரரு சமையல் பண்றப்போ பைப் உடையுதுன்னு வெச்சுக்கோ. அப்புறம் ப்ளம்பர் வீட்டுக்கு ஆள் அனுப்பினா, அவன் வர்றதுக்குள்ள வீடெல்லாம் தண்ணி. அதே ப்ளம்பர் முன்னாடியே வந்து சமையல் ரூம்ல ஒரு ஓரமா குந்திக்கினு இருந்தா?"

"சமையல்காரருக்குக் கோவம் வரும் சார்."

"வரும். அதான் பிராப்ளம்," என்று சிரித்தார்.

முன்னாடியே போய் உட்காருவது அவருக்கு வேலை மட்டுமல்ல, சுபாவமே அதுதான். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஸ்டேஷனில் இருப்பார். மார்ச் மாசத்திலேயே கையில் குடை வைத்திருப்பார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இவர் படைக்கு முந்துகிற ரகம். என் தங்கை கல்யாணத்துக்கு ஒன்பது மணி முகூர்த்தம். அவர் காலை ஐந்தரைக்கே சத்திரத்துக்கு வந்துவிட்டார். பெண் வீட்டுக்காரர்களான நாங்களே அப்போதுதான் எழுந்திருந்தோம். சமையல்காரர் இவரை யாரோ உதவிக்கு வந்த ஆள் என்று நினைத்து ஒரு கூடை பீன்ஸைக் கையில் கொடுத்துவிட்டார். இவரும் ஒன்றும் சொல்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து நறுக்கியிருக்கிறார். நான் போய்ப் பார்த்து அலறியபோது சமையல்காரர் சொன்னார்: "இம்மாம் சீரா பீன்ஸ் அரியிற ஆளை என் சர்வீஸ்ல பார்த்ததில்லமா. எந்த ஓட்டல்ல இருக்காரு?"

ஆஸ்பத்திரியில் அவருக்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது. பெரிய கட்டி ஆபரேஷன் என்றால் அவர் முதலில் கை கழுவி உள்ளே வருவார். வயிற்றைத் திறந்ததும் கட்டிக்கு மேலே குழாயைச் சுற்றி ஒரு ரப்பர் நாடா, கீழே ஒரு நாடா போடுவார். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம். எங்கே கிழிந்தாலும் நாடாவை இழுத்துப் பிடித்தால் ரத்தம் நிற்கும். அதைப் போட்டுவிட்டு, கவுன் கலையாமல் கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்காருவார். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். ஒரு ஆட்டோ டிரைவருக்கு நடந்த ஆபரேஷன் நினைவிருக்கிறது. ஐந்து மணி நேரத்தில் இவருடைய கை தேவைப்பட்டது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் இல்லையென்றால் அந்த ஆள் இல்லை. ஆட்டோ டிரைவர் டிஸ்சார்ஜ் ஆகும்போது கட்டி எடுத்த சீஃபுக்குப் பெரிய மாலை போட்டார். இவர் யாரென்றே அவருக்குத் தெரியாது. மாலை போடுவதை இவர் வராந்தா கோடியில் நின்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீஃப் என்று நான் சொல்வது எங்கள் ஆஸ்பத்திரியின் கட்டி சர்ஜனை. கைராசிக்காரர், மூக்குக்கு மேல் கோபம். ஸ்டூலில் இன்னொரு சர்ஜன் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் ஆபரேஷன்களின் பட்டியலைத் தினமும் மூன்று மணிக்குத் தியேட்டர் வாசல் கரும்பலகையில் நான்தான் எழுதுவேன். அதில் தன் பெயருக்குக் கீழே இவர் பெயரையும் எழுதக்கூடாது என்று சீஃப் சொல்லிவிட்டார். "எனக்கு வேலை தெரியாதுன்னு பேஷன்ட் நினைக்கணுமா?"

இவரிடம் போய்ச் சொன்னேன்.

"என் பேரு எதுக்கம்மா? குழாய்கிட்ட கட்டி இருந்தா, அந்தப் பேஷன்ட் பேருக்குப் பக்கத்துல சாக்பீஸ்ல ஒரு சின்னப் புள்ளி வை. நான் பார்த்துப்பேன்."

அன்று முதல் அதுதான் வழக்கம். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் என் கைக்கு வரும். ரிப்போர்ட்டைப் படித்து எங்கே புள்ளி வைக்க வேண்டும் என்று எனக்கே தெரிய ஆரம்பித்துவிட்டது. தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் அவர் கரும்பலகை முன்னால் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு பெயராகப் பார்ப்பார். புள்ளி இருந்தால் மறுநாள் எங்கேயும் போகமாட்டார். யதேச்சையாக வருகிற மாதிரி வந்து, "சும்மாதான் இருக்கேன் சார், ஒரு நாடா போட்டுட்டுப் போறேன்" என்பார். அவ்வளவு பணிவாகக் கேட்கிறவரை சீஃபால் விரட்டவும் முடியாது.

புதன்கிழமை மத்தியானங்களில் அவர் ஸ்ரீராம்புரத்துக்கு வருவார். நான் பிறந்து வளர்ந்து குடியிருக்கிற இடம். ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் கால் பார்ப்பார். சர்க்கரை வியாதியில் புண் ஆறாத கால், பீடி பிடித்துப் பிடித்து ரத்தம் ஓடாமல் விரல் கறுத்த கால். எங்கள் தெருக்களில் அவருக்குக் கால் டாக்டர் என்றுதான் பெயர். முகத்தைப் பார்க்குமுன் காலைத்தான் பார்ப்பார். குனிந்து பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து நாடி தேடுவார். மில் வேலையிலிருந்து நின்றுபோன என் அப்பாவுக்குக் கட்டை விரல் கறுத்தபோது, "பீடி வேணுமா, கால் வேணுமா? இப்போவே சொல்லுங்க, நான் வெயிட் பண்றேன்" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கால் மணி நேரம் யோசித்துத்தான் பதில் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் அப்பாவின் சட்டைப் பையை மோந்து பார்த்துவிட்டுத்தான் காலைத் தொடுவார். புள்ளி இருக்கிற புதன்களில் கிளினிக் கிடையாது. அதற்கு மறுநாள் வருவார்.

இப்படியே சில வருஷங்கள் ஓடின. ஒரு நாள் சீஃப் புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டார். ஜூனியர்கள் ஆறேழு பேர், அனஸ்தீஷியா டாக்டர், ஆயா எல்லோரும் நிற்கும்போது கரும்பலகையைக் காட்டினார்.

"சிஸ்டர், இது என்ன?"

கையிலிருந்த சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"இது ஆபரேஷன் தியேட்டரா, உங்க வீட்டு வாசலா? புள்ளி வெச்சுக் கோலம் போடறீங்க?" என்று சொல்லி, உள்ளங்கையால் புள்ளியை அழித்தார். அழித்த வேகத்தில் நோயாளியின் பெயரில் பாதியும் போனது. ஜூனியர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்கு உறைத்தது. ஏழெட்டு வருஷம் சர்வீஸ் போட்டவள் நான். நேற்று வந்த பையன்கள் முன்னால் என்னைக் கோலம் போட அனுப்பிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ராஜம்மா வந்தாள். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிறவள். வயிற்றின் பின்பக்கம் தேங்காய் அளவுக்குக் கட்டி. ஸ்கேனைப் பார்த்தேன். பெரிய சிரையை ஒட்டி, பிரித்துச் சொல்ல முடியாத மாதிரி இருந்தது. புள்ளி வைத்தே ஆகவேண்டிய கேஸ்.

முந்தைய நாள் மூன்று மணிக்குக் கரும்பலகையில் அவள் பெயரை எழுதினேன். பக்கத்தில் சாக்பீஸைக் கொண்டுபோனேன். போர்டிகோவில் சீஃபின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கையை இறக்கிவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். மறக்கவில்லை. கார் போன பிறகும் வைத்திருக்கலாம். அவரிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சீஃப் மாட்டிக்கொள்ளட்டும், அவரே ஆள் அனுப்பிக் கெஞ்சட்டும், புள்ளியின் அருமை அப்போது தெரியும் என்று எனக்குள் ஒரு ரோஷம். கணக்கும் போட்டேன். காலை பத்துக்கு வயிற்றைத் திறந்துவிடுவார்கள். புதனாக இருந்தாலும் மத்தியானம்தானே அவர் ஸ்ரீராம்புரம் கிளம்புவார், அதுவரை கீழே தன் அறையில் இருப்பார், கூப்பிட்டால் மூன்று நிமிஷத்தில் வந்துவிடுவார் என்று.

காலையில் ராஜம்மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டரம்மா, நம்ம கால் டாக்டரும் உள்ள இருப்பாராமா? அவரு இருந்தா எனுக்கு பயமில்ல."

"இருப்பாரு ராஜம்மா. பயப்படாத," என்றேன்.

முதல் கேஸ் இழுத்துக்கொண்டே போனது. பத்துக்கு ஆரம்பிக்க வேண்டிய ராஜம்மாவின் ஆபரேஷன் ஒன்றரைக்கு ஆரம்பித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போதாவது ஆயாவைக் கீழே அனுப்பியிருக்கலாம். கை கழுவி நின்றுவிட்டதால் நகர முடியாது, ஆனால் வாய் சும்மாதானே இருந்தது. சீஃப் எதிரில் நின்றுகொண்டிருந்தார். பேசாமல் கத்தியை எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று மணிக்குச் சிரை கிழிந்தது.

சீஃப் துணியைச் சுருட்டி வைத்துக் கையால் அழுத்தினார். நல்ல கை அது, அழுத்திப் பிடித்திருந்தவரை ரத்தம் நின்றது. கையை எடுத்தால் வயிறு நிறைந்தது. "அவரைக் கூப்பிடுங்க, எங்க அவர்?" என்று கத்தினார். நான் நினைத்தபடியே கெஞ்சினார். கேட்க எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் போன் கிடையாது. எதிரில் இருந்த போன் பூத்துக்கு அடித்து, கடைக்காரர் ஓடிப்போய்ச் சொல்லி, அவர் ஆட்டோ பிடித்து, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் சிக்கி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் சீஃப் கையை எடுக்கவில்லை. பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினோம். பச்சைத் துணிக்கு வெளியே தெரிந்த ராஜம்மாவின் பாதத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு கூட்டி வெடித்த பாதம். வெளிறிப் போயிருந்தது.

அவர் ஓடி வந்தார். செருப்பு ஒன்று வழியில் எங்கேயோ போய்விட்டிருந்தது. கை கழுவி உள்ளே வந்து சீஃபின் விரல்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, கிழிசலைப் பிடித்து, முடி மாதிரி இழையால் தைத்தார். ரத்தம் நின்றது. கையுறையைக் கழற்றினார். நாங்கள் எல்லோரும் அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தோம்.

அன்று அவர் அதைச் சொல்லவில்லை.

நேராக வெளியே போய்க் கரும்பலகை முன்னால் நின்றார். ஆயா வழக்கம்போல மறுநாள் பட்டியலுக்காக அதைத் துடைத்து வைத்திருந்தாள். வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நேத்து சாயங்காலம் பார்த்தேனேம்மா. புள்ளி எப்படி என் கண்ணுல படாம போச்சு?"

நான் வைத்திருப்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. என்மேல் இருந்த நம்பிக்கையில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "உங்க செருப்பு எங்க சார்?" என்றுதான் கேட்டேன்.

ராஜம்மா மூன்றாம் நாள் இறந்துபோனாள். சிறுநீரகம் வேலை செய்யவில்லை. ஆஸ்பத்திரி மீட்டிங்கில், அவசரத்துக்கு ரத்தக்குழாய் சர்ஜன் கிடைக்கவில்லை என்று சீஃப் சொன்னார். இவர் எழுந்து நின்றார். "ஆமா. எனக்குச் சொல்லியிருந்தாங்க. நான்தான் சரியாப் பார்க்கல. தப்பு என்னோடது." பின்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். முதல் மாசம் வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை. அதற்கப்புறம் பயம்கூட இல்லை, வெட்கம். நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

அவர் கண்ணாடியை மாற்றினார். கரும்பலகையைக் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பார்க்க ஆரம்பித்தார். நான் புள்ளியைப் பொட்டு அளவுக்குப் பெரிதாக வைத்தேன். சீஃப் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் யார் முன்னாலும் எதையும் அழிக்கவில்லை. புள்ளிக்கு மரியாதை வந்துவிட்டது. நான் ஆசைப்பட்டது அதைத்தானே.

ஆனால் புதன்கிழமை கிளினிக் நின்றுபோனது. "ஆபரேஷன் நடக்கிற நாள்ல நான் வெளிய போகக்கூடாதும்மா. என் கண்ணை நான் நம்பறதில்ல," என்றார். ஞாயிறு தவிர எல்லா நாளும் ஆபரேஷன் நாள்தான். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் டியூஷன். கொஞ்ச நாள் ஜனங்கள் வந்து வாசலில் காத்திருந்துவிட்டுப் போனார்கள். தண்ணிக் குழாயடியில் என்னைப் பிடித்துக் கேட்டார்கள்: "இன்னாமா, கால் டாக்டரு ஏன் வர்றதில்ல? எங்க மேல கோவமா?" கோவமில்லை, வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சட்டைப் பையை மோந்து பார்க்க ஆள் இல்லாததால் அப்பா மறுபடி பீடி பிடித்தார். எனக்குத் தெரியும், திட்டினேன், மகள் சொன்னால் எந்த அப்பா கேட்டார்? இரண்டு வருஷத்தில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இவர் பார்க்க வந்தார். பார்வையாளர் நேரம் நான்கு மணி, அவர் இரண்டரைக்கே வந்து அப்பாவின் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷத்தில் போர்வையை விலக்கி, மிச்சமிருந்த பாதத்தின்மேல் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார்.

"மன்னிச்சிடுங்க. நான் வந்துட்டு இருந்தா இது ஆயிருக்காது."

"நீங்க இன்னா சார் பண்ணுவீங்க? எல்லாம் என் கொழுப்பு," என்றார் அப்பா.

"இல்ல. நான் வரணும்னு சொல்லியிருந்தேன். வரல." பிறகு என் பக்கம் திரும்பி, "உன்கிட்டயும் சாரி கேட்டுக்கறேம்மா," என்றார்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது, சத்தியமாக வந்தது. அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார், பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டேன். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. அவர் ஓய்வு பெற்று மைசூருக்குப் போய்விட்டார். அங்கே போக பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். நான் ஒருமுறைகூடப் போகவில்லை.

எனக்கு வைட்ஃபீல்டில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் தியேட்டர் பொறுப்பு கிடைத்தது. கண்ணாடிக் கட்டடம், கம்ப்யூட்டரில் பட்டியல். வயிற்றில் பெரிய கட்டி என்றால் கட்டி சர்ஜன் பெயருக்குக் கீழே ரத்தக்குழாய் சர்ஜன் பெயரும் தானாகவே அச்சாகி வந்துவிடுகிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை. அங்கே குழாய் பார்ப்பவர் சேலத்துப் பையன், முப்பத்தைந்து வயசு இருக்கும். முதல் நாளே அவர் சிவப்பு மார்க்கரை எடுத்து, சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் ஒரு நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தார்.

"இது எதுக்கு டாக்டர்? அதான் லிஸ்ட்லயே உங்க பேர் இருக்கே."

"எங்க சாரோட வழக்கம் சிஸ்டர். மைசூர்ல அவர்கிட்ட ட்ரெயின் ஆனவங்க எல்லாரும் வைப்போம். போர்டை ரெண்டு தரம் பாருங்கன்னு சொல்வார். அவர் ஒரு தடவை சரியாப் பார்க்காம ஒரு புள்ளியை மிஸ் பண்ணிட்டாராம், ஒரு அம்மா இறந்துட்டாங்களாம். ஒவ்வொரு பேட்ச்லயும் அதைச் சொல்வார்."

ஒவ்வொரு பேட்ச்சிலும். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! நல்ல பாடம்தான். அதைக் கேட்ட டாக்டர்கள் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருப்பார்களோ. ஆனால் செய்யாத தப்பை அவர் வருஷா வருஷம் தன் பெயரில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"டாக்டர்," என்றேன். "அன்னிக்குப் போர்டுல புள்ளியே இல்ல. வைக்க வேண்டியவ நான்தான். வேணும்னே வைக்கல. அவர் எதையும் மிஸ் பண்ணல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த மார்க்கரின் மூடியைத் தேடி எடுத்து மூடினார்.

"சார் போன மாசம் இறந்துட்டார், சிஸ்டர். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி மைசூர் போய்ப் பார்த்தேன். அன்னிக்கும் அந்தப் புள்ளியைப் பத்தித்தான் பேசினார்."

பிறகு, கோபமே இல்லாமல், மெதுவாகச் சொன்னார்:

"ஸ்வல்ப முன்னாடியே சொல்லியிருக்கலாமே, சிஸ்டர்."